பெயர் இல்லாத சிவப்பு அங்கி

அந்த வசந்தத்தில் போப்பாண்டவர் இருபது பேரை, தனக்கு அடுத்த படியில் சிவப்பு அங்கி போடும் கர்தினால்களாக அறிவித்தார். இருபத்தோராவதாக ஒருவர் உண்டு, அவர் பெயரை மட்டும் என் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் போய்விட்டார்; அவர் மாளிகைக்கு அடுத்த போர்கோ தெருவுக்குத்தான் தலை வெடித்தது. வெளியே தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்கிற ஆளின் பெயரைத்தான் திருத்தந்தை இப்படி நெஞ்சில் பூட்டி வைப்பார். காலம் கனிந்ததும் ஒருநாள் ஊரறியச் சொல்வார். சொல்லாமலே கண்ணை மூடிவிட்டால் பெயரும் அவரோடு கல்லறைக்குப் போய்விடும். அப்புறம் அந்த ஆள் கர்தினாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

காபிக்கடையில் வேறு பேச்சே கிடையாது. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அத்தனை பேரும் என்னவோ திருத்தந்தைக்கு மடியில் வளர்ந்தவர்கள் மாதிரி.

"அமில்கரேவைக் கேளுங்கப்பா," என்றான் கடைக்காரன். "சிவப்புத் துணி வெட்டாம எந்தக் கர்தினால் பொறக்கறாரு?"

அமில்கரே ஸ்பெராந்தி தெருமுனையில் நாற்பது வருடமாகக் குருக்களுக்கு அங்கி தைப்பவர். "எனக்குத் தெரிஞ்சா எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார். "அவளுக்குத் தெரிஞ்சா உனக்கும் தெரிஞ்சிருக்குமேடா."

எல்லோரும் சிரித்தார்கள். அமில்கரேவும் சிரித்தார். ஆனால் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்துகொண்டார். ஏனென்றால் அவருக்குத் தெரியும். அதுவும் முந்தின நாளிலிருந்து.

முந்தின நாள் காலை திருத்தந்தையின் செயலர் வென்தூரீனி கடைக்கு வந்திருந்தார். ஒல்லியான ஆள், ஆட்டுக்குட்டி மாதிரி மெல்லிய குரல். ஒரு உறையை மேசையில் வைத்தார்.

"சிவப்பு அங்கி ஒண்ணு. முப்பத்து மூணு பொத்தான். பேரு கிடையாது."

"ஆள் எப்ப வருவாரு சாமி, அளவு சரி பாக்க?"

"வரமாட்டாரு. அளவு உள்ளே இருக்கு. திருத்தந்தை தன் கைப்பட எழுதினது. அந்த ஆள் என்னைக்காவது வெளியே வந்தா, தானே போட்டுவிடணும்னு ஆசைப்படறாரு. யாருன்னு எனக்கே தெரியாது. நீங்களும் கேக்கக் கூடாது."

அமில்கரே கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. உறையிலிருந்த சீட்டைப் பிரித்தார். வலது தோள் இரண்டு விரல் தாழ்வு. இடது கை நீளத்தில் மூன்று விரற்கடை குறைவு. இந்த உடம்பு உலகத்திலேயே ஒன்றுதான். ஆயர்கள் எல்லோரும் கூடும் பொதுச்சங்கம் நடந்த வருடம் கிழக்கே திருச்சபையை ஆகாத அரசாங்கம் ஆளும் ஒரு நாட்டிலிருந்து, கூடவே ஒரு காவலாளியோடு, ரோமாபுரிக்கு வந்தாரே ஆயர் மெதோத் ஹவ்ரான், அவர் உடம்பு.

அப்போது அமில்கரேதான் அளவெடுத்தார். "தோள் என்ன ஆச்சு சாமி?" என்று வாய் சும்மா இராமல் கேட்டார். "கோயில் மணியை ஒரே கையால இழுத்தேன்" என்று ஆயர் சிரித்தார். காவலாளி சிகரெட் பிடிக்க வெளியே போனதும், "மணியும் இல்ல, கோயிலும் இல்ல. சிறையில மாடிப்படியிலேருந்து தள்ளிவிட்டாங்க," என்றார், அதே சிரிப்போடு. ஊர் திரும்பியதும் ஆயர் பதவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். மருத்துவமனைக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலைதான் இப்போது அவருக்கு. செல்லாக் கிழவன் என்று அரசாங்கம் விட்டுவைத்திருந்தது. அந்தச் செல்லாக் கிழவன் கர்தினால் என்று தெரிந்தால் ஒருநாள் விட்டுவைப்பார்களா?

மனைவி ஓர்சொலாவிடம் மறைக்க முடியவில்லை. பொத்தான் துளை தைப்பதெல்லாம் அவள்தானே.

"உன் வாய் ஓட்டை வாயாச்சேய்யா," என்றாள் அவள். "இந்த ஒரு தடவை அதைத் தைச்சு வெச்சுக்க."

தைத்துத்தான் வைத்துக்கொண்டார், பாவம். அளவு பார்க்க வராத ஆளுக்கு அங்கி தைப்பதென்றால் ஒரு முறை உண்டு. மரப்பொம்மைக்குப் பஞ்சும் கந்தலும் வைத்துக் கட்டி, அந்த ஆளின் உடம்பையே எழுப்பிவிட வேண்டும். அமில்கரே மூன்று நாள் உட்கார்ந்து கட்டினார். தாழ்ந்த தோள், குட்டைக் கை, கொஞ்சம் முன்னால் வளைந்த கழுத்து. திரையை இழுத்துவிட்டுத் தைத்தார். வெட்டின சிவப்புத் துண்டு ஒவ்வொன்றையும் ஓர்சொலா பொறுக்கி அடுப்பில் போட்டாள். அங்கி முடிந்ததும் பெட்டியில் மடித்து, அலமாரியில் வைத்து, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். காதும் காதும் வைத்தாற்போல் வேலை முடிந்ததே என்று அன்று இரண்டு கிண்ணம் ஒயின் கூடுதலாகவே குடித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஃபாதர் லூபோமிர் வந்தார். ஆயர் மெதோத்தின் நாட்டுக்காரர். இங்கே படிக்க வந்து நாலு வருடம். அந்த நாட்டிலிருந்து அவ்வளவு சுலபமாக ஒருவரைப் படிக்க அனுப்புவார்களா என்று அவர் முதுகுக்குப் பின்னால் தெருவே பேசும். முகத்துக்கு நேராக எல்லோரும் "வாங்க சாமி" என்பார்கள். தெருவின் லட்சணம் அது.

"அங்கி விளிம்பு பிரிஞ்சு போச்சு. கொஞ்சம் தைச்சுத் தர்றீங்களா?"

"உக்காருங்க சாமி. அஞ்சு நிமிஷம்."

அமில்கரே அங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தார். ஃபாதர் உட்காரவில்லை. கடையைச் சுற்றி நடந்தார். அமில்கரே நிமிர்ந்து பார்த்தபோது அவர் மரப்பொம்மை முன்னால் நின்றிருந்தார். அதன்மேல் யாரோ ஒரு பங்குச் சாமியாரின் பாதி தைத்த கறுப்பு அங்கியை அமில்கரே போட்டு வைத்திருந்தார். கறுப்பு அங்கி ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது.

"இது யாருக்கு?" என்றார் ஃபாதர்.

"ஃபிராஸ்காத்தி ஊரு பங்குச் சாமிக்கு."

"அவருக்கும் வலது தோள் தாழ்ந்திருக்குமா?"

"வயசாச்சில்ல சாமி," என்று அமில்கரே எதையோ உளறினார்.

ஃபாதர் பொம்மையின் இடது கையைத் தொட்டுப் பார்த்தார். "கையும் குட்டை. பாவம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்போ எங்க ஊர்ல ஒருத்தர் பூசை வைப்பாரு. நற்கருணையை உசத்தும்போது ஒரு கைதான் மேல போகும். நாங்க பசங்க அதைப் பார்த்துச் சிரிப்போம்."

"அப்படிங்களா."

"ஆமா. ரொம்ப நல்லவரு." விளிம்பு தைத்து முடிக்கும்வரை அவர் நிற்கவில்லை. அங்கியை வாங்கி, ஊசி தொங்கத் தொங்க அப்படியே போட்டுக்கொண்டு வெளியேறினார்.

உள்ளேயிருந்து ஓர்சொலா வந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. பொம்மையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"சிவப்பை மறைச்சே. பேரை மறைச்சே. ஆளைக் கொண்டாந்து நடுக்கடையில நிறுத்தி வெச்சிருக்கியே, பாவி மனுஷா!"

அமில்கரேவுக்கு இது நாற்பது வருடத் தொழில். ஒரு வேலை முடிந்தால் அடுத்த வேலைக்கு அதே பொம்மை. பஞ்சைப் பிரித்துப் போடவேண்டும் என்று மூளைக்கு எட்டவே இல்லை. எவனுக்கு எட்டும்? தையல்காரனுக்குத் துணிதான் ரகசியம். பொம்மை வெறும் பொம்மை. அன்றைக்கே பஞ்சு முழுவதையும் பிய்த்து எறிந்தார். அதனால் யாருக்கு என்ன லாபம்?

புதன்கிழமை மாளிகைக்கு ஓடினார். வென்தூரீனி அவரை ஒரு நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில் நிற்க வைத்துக் கேட்டார்.

"தெரிஞ்சு போச்சு சாமி. அவங்க ஆளு ஒருத்தருக்குத் தெரிஞ்சு போச்சு. என் தப்புதான். நான் தைச்சது யாருக்குன்னா…"

"சொல்லாதீங்க!" செயலர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "சொன்னா எனக்கும் தெரிஞ்சுடும். எனக்குத் தெரியக் கூடாது. அந்தப் பேரைச் சொல்ற வாய் உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான்."

"அப்போ அந்த வாயைச் சொல்லச் சொல்லுங்க. இந்த ஞாயித்துக்கிழமையே ஜன்னல்லேருந்து சொல்லட்டும். ஊரு உலகத்துக்கெல்லாம் தெரிஞ்சுட்டா அவர் மேல கை வைக்க யோசிப்பாங்கல்ல? இருட்டுல இருக்கற ஆளைத்தானே சத்தமில்லாம முடிப்பாங்க."

"திருத்தந்தைக்குக் காய்ச்சல். படுக்கையை விட்டே எழுந்திரிக்கலை."

"காய்ச்சல்னா மாத்திரை குடுங்க சாமி! அங்க ஒரு உசிரு போயிரும்!"

தாழ்வாரத்தில் நின்ற காவலன் திரும்பிப் பார்த்தான். மாளிகைக்குள் அமில்கரே குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். செயலர் அவர் கையைப் பிடித்து அடக்கினார்.

"இன்னைக்கே சொல்றேன்," என்றார். "என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியாது. வேண்டிக்கங்க."

வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. கடைக்கு எதிரே இரண்டு நாளும் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. உள்ளே இருந்தவன் செய்தித்தாள் படித்தான். ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தான். ஃபாதர் லூபோமிரைத் தெருவில் காணோம். தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் அமில்கரே விரலில் ஊசியைக் குத்திக்கொண்டார். ஓர்சொலா திட்டுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

ஞாயிறு பகல் பன்னிரண்டுக்குச் சதுக்கத்தில் நல்ல கூட்டம். இரண்டு பேரும் பதினோரு மணிக்கே போய் நின்றுவிட்டார்கள். ஜன்னல் திறந்தது. வெள்ளையாக ஒரு சின்ன உருவம் வந்து நின்றது. குரல் ஒலிபெருக்கியிலேயே நடுங்கியது. செபம் முடிந்தது. ஆசீர் முடிந்தது. அவ்வளவுதான், கைவிட்டார் என்று அமில்கரே கண்ணை மூடிக்கொண்டார். அப்போது அந்தக் குரல் மறுபடி வந்தது.

"வசந்தத்தில் ஒரு பெயரை என் நெஞ்சில் வைத்தேன். இன்று அதைத் திருச்சபையின் கையில் கொடுக்கிறேன். ஆயர் மெதோத் ஹவ்ரான்."

கூட்டம் கைதட்டியது. "யாரு, யாரு?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அமில்கரே அழுதார். பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரியைக் கட்டிப்பிடித்துவிட்டார். அந்த அம்மா அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். "பொழைச்சாருடி, பொழைச்சாரு!" என்று ஓர்சொலாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவளும் அழுதாள். மத்தியானம் இருவரும் ஆட்டுக்கறி வறுவலும் ரொட்டியும் ஒரு பிடி பிடித்தார்கள். ஐந்து நாள் பசி.

திங்கள் காலை கடை திறந்த கையோடு ஃபாதர் லூபோமிர் உள்ளே வந்தார். முகத்தில் சவரம் இல்லை. விளிம்பில் அந்த ஊசி இன்னும் தொங்கியது. சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"கர்தினாலோட அங்கியை வாங்கிட்டு வரச் சொன்னாங்க. எங்க தூதரகத்துலேருந்து மாளிகைக்குப் பேசியாச்சு. அவங்க சரின்னுட்டாங்க. அளவு மட்டும் கொஞ்சம் மாத்தணும். ரொம்ப மெலிஞ்சுட்டாரு. இடுப்புல பன்னிரண்டு சென்டிமீட்டர் பிடிக்கணும். நெஞ்சுல பத்து."

"பன்னிரண்டா! என்ன சாப்பாடு போட்டீங்க அவருக்கு?" அமில்கரேவுக்குக் கோபமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. "பரவாயில்லை. இங்க அனுப்புவாங்கல்ல? ஓர்சொலா ஒரு மாசத்துல தேத்திருவா."

ஃபாதர் சீட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அளவு யார் எடுத்தது? சீட்டுல தேதி வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு?"

"ஆமா. வெள்ளிக்கிழமைதான் எடுத்தாங்க."

"பேரு வெளியே வந்தது நேத்துத்தானே?" என்று உள்வாசலில் நின்று கேட்டாள் ஓர்சொலா.

ஃபாதர் அவள் பக்கம் திரும்பவில்லை. "நாளைக்குப் பத்திரிகையில வரும்," என்றார். பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். "ஞாயிறு சாயங்காலம், கர்தினால் ஆன செய்தியைக் கேட்டுச் சந்தோஷத்துல நெஞ்சு தாங்கலை. எங்க அரசாங்கம் முழு மரியாதையோட அடக்கம் பண்ணப் போகுது. பேராலயத்துல மூணு நாள் வைப்பாங்க. வெளிநாட்டுக்காரங்க எல்லாம் படம் பிடிப்பாங்க." அதற்குப் பிறகுதான் ஓர்சொலா பக்கம் திரும்பினார். "எங்கம்மா அங்க இருக்காங்க. நீங்க என்னை என்ன வேணா நினைச்சுக்கங்க."

அமில்கரே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கொன்றது யார் என்று யாரும் தன்னைக் கேட்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். கேட்டால் நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்தார். கழுத்துச் சாவியால் அலமாரியைத் திறந்து, பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போங்க."

"பிடிச்சுத் தரணும்…"

"ஒரு தையல்கூடப் பிடிக்க மாட்டேன். முன்னே நல்ல உடம்போட இருந்தாரே, அந்த உடம்புக்குத் தைச்சது இது. அப்படியே போடட்டும். தொளதொளன்னு தொங்கட்டும். படம் பிடிக்கறவனெல்லாம் பாக்கட்டும், ஒரு மனுஷனை எப்படி உரிச்சு வெச்சிருக்கீங்கன்னு ஊரே பாக்கட்டும்!"

ஃபாதர் லூபோமிர் பெட்டியைத் திறக்கவில்லை. மெல்ல அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தொங்காதுங்க," என்றார் மரியாதையாக. "பின்பக்கம் இழுத்து ஊசி குத்திருவாங்க. படுத்திருக்கறவரோட முதுகை யாரு பாக்கப் போறாங்க?"

அவர் போன பிறகும் அமில்கரே நின்ற இடத்திலேயே நின்றார். இந்த நாற்பது வருடத்தில் செத்துப்போன ஆயர்கள் எத்தனை பேருக்கு அவரே அப்படித்தான் பின்பக்கம் ஊசி குத்தி அனுப்பியிருக்கிறார்.