கைப்பிடியை இழுத்துப் பார்த்தவன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறங்கியதும் சாவியிலுள்ள பொத்தானை அமுக்குவார்கள். விளக்கு சிமிட்டும். அப்புறமும் நம்பாமல் கைப்பிடியை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக வருகிறவர்கள் மட்டும் இழுக்க மாட்டார்கள். திருடன் காத்திருப்பது அவர்களுக்காகத்தான்.

திருடன் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வீட்டு கேட்டைத் திறக்கிற ரிமோட் ஒன்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். சந்தை இரைச்சலில் நாம் கூப்பிடுவது எதிர்க்கடைக்காரனுக்குக் கேட்காது இல்லையா, அதுபோல உங்கள் சாவி சொல்வது காருக்குக் கேட்காது. பூட்டிவிட்டதாக நினைத்து நீங்கள் போய்விடுவீர்கள். அவனை இங்கே ஜாமர் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே இந்த ஊர்க்காரர்களுக்கு ரத்தம் கொதிக்கும்.

என் பெயர் நெட்சாய். அம்பிலோ பக்கம் ஒரு கடைவளாகத்தின் கார் நிறுத்துமிட வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்து அமக்வின்யா பொரித்து விற்கிறேன். காலைப் பசிக்கு இந்த மாவு உருண்டையை விட்டால் ஏழைக்கு வேறு கதி இல்லை. ஊர் ஜிம்பாப்வேயில் மஸ்விங்கோ. எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம் இல்லாவிட்டால் இந்த வாசலில் என்னை எப்போதோ மிதித்துப் போட்டிருப்பார்கள்.

உள்ளே மருந்துக்கடைப் பக்கத்து இரண்டு வரிசைகளுக்கு முஷகலூசா காவல். காங்கோவில் புக்காவுக்காரன். பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பான், வண்டி பின்னால் வரும்போது கையை ஆட்டிக் காட்டுவான், கொடுப்பதை வாங்கிக்கொள்வான். அவன் பெயரை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை, முஷா என்றே கூப்பிடுவோம். எங்கள் ஷோனா பாஷையில் முஷா என்றால் சொந்த வீடு. "பேர் மட்டும் வீடு, நிக்கிறது நடுரோடு" என்று நான் கிண்டல் செய்வேன். அவன் மனைவி ஃபுராஹா அந்த வருடம்தான் வந்து சேர்ந்திருந்தாள். ஜூலுவும் வராது, ஆங்கிலமும் வராது, அவன் வாயைப் பார்த்துத்தான் அவளுக்கு ஊர் உலகம்.

மழைக்காலம் தொடங்கியபோது முஷாவின் வரிசைகளில் சாவிகள் மக்கர் பண்ண ஆரம்பித்தன. காலையில் மட்டும்தான். மத்தியானம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும். அமுக்குவார்கள், விளக்கு சிமிட்டாது. சாவியைத் தாடையில் வைத்து அமுக்கினால் தூரம் போகும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். பல்வலிக்காரர்கள் மாதிரி ஒரு கூட்டமே கன்னத்தில் கைவைத்து நிற்கும். எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒருவருடைய மடிக்கணினி காணாமல் போனது.

"இவனுக்குத் தெரியாமயா போயிருக்கும்? இவனும் கூட்டுதான்!" என்று அந்த ஆள் முஷாவின் மூக்குக்கு நேரே விரலை ஆட்டினார்.

கடைவளாக மேனேஜர் ரெட்டி கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் முஷாவைத் தனியே கூப்பிட்டார். "இன்னொண்ணு காணாமப் போச்சுன்னா மேலங்கியக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிரு. போலீஸ் கேட்டா உன் பேரத்தான் சொல்வேன். எனக்கு வேற வழி இல்லப்பா."

போலீஸ் என்றால் அவனுக்கு வேறு பயம். அகதி என்று கொடுத்த காகிதத்தை மறுபடி புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதில் திருடன் என்று ஒரு வார்த்தை ஏறிவிட்டால் அவனையும் ஃபுராஹாவையும் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவார்கள். எதை விட்டு ஓடிவந்தார்களோ அங்கேயே.

அன்றிலிருந்து அவன் ஒரு வேலை செய்தான். காரை நிறுத்தியவர் போனதும் கைப்பிடியை மெல்ல இழுத்துப் பார்ப்பான். திறந்தால் "மேடம், கதவு!" என்று பின்னாலேயே ஓடுவான். ஆள் கடைக்குள் மறைந்துவிட்டால், அவர் திரும்பும்வரை அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். காரின் தகரம் சுட்டுப் பொசுக்கும் வெயிலிலும் நிற்பான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. உருண்டை வாங்க வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"கை வைக்காதடா. தூரத்துல நிக்கிறவனுக்கு நீ பூட்டிருக்கான்னு பாக்குறியா, திறந்திருக்கான்னு பாக்குறியான்னு எப்படித் தெரியும்?"

"ரெண்டும் ஒண்ணுதானே அக்கா."

"உனக்கு ஒண்ணு. அவனுக்கு வேற."

"இழுத்துப் பாக்கலன்னா சாமான் போகும். சாமான் போனா நான் போவேன். நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?"

சூடாக இரண்டு உருண்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

மாசக் கடைசி சனிக்கிழமை காலை. சம்பளம் வந்த கையோடு ஊரே கடைக்கு வந்திருந்தது. தொம்பேலா டீச்சர் தன் வெள்ளைக் காரில் வந்தார். ஓய்வுபெற்றவர், புருஷனுக்குச் சர்க்கரை மருந்து வாங்க மாதாமாதம் வருவார். முஷாவிடம் நின்று பேசிவிட்டுப் போகிற ஒரே ஆள் அவர்தான். நாலைந்து முறை அமுக்கிப் பார்த்தார், பூட்டவில்லை.

"முஷா, உள்ள லைன் நீளமா நிக்குது. இந்தா சாவி, நீயே பூட்டிட்டு வையி. என் பை முன்சீட்ல இருக்கு."

"நீங்க போங்க டீச்சர். நான் பாத்துக்கறேன்."

அந்தச் சாவியில் திருகிப் பூட்ட இரும்பு நாக்கு இல்லை, வெறும் பொத்தான்தான். அவன் கதவருகே நின்று அமுக்கினான், சாவியைத் தலைக்கு மேல் தூக்கி அமுக்கினான், பின்பக்கம் போய் அமுக்கினான். இதற்குள் பக்கத்தில் இரண்டு கார்கள் வந்து நின்றன, ஆட்கள் இறங்கிப் போனார்கள். பழக்கதோஷம், டீச்சர் சாவி கையில் இருக்க, மற்ற கையால் அந்தக் கார்களின் கைப்பிடியையும் இழுத்துப் பார்த்தான். இரண்டும் திறந்துகொண்டன. மூன்று திறந்த கார்களுக்கு நடுவே ஒரு ஆள் என்ன செய்வான்? இங்கும் அங்குமாகப் போய் வந்துகொண்டிருந்தான்.

நான் சட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும் பார்க்கவில்லை. ஒரு பிக்கப் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்த வாலிபன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். பிறகு கத்தினான்.

"ஜாமர்! ஜாமர்! கையில பாருங்க!"

எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ. தள்ளுவண்டிகளை நடுவழியில் விட்டுவிட்டு வந்தார்கள். முஷாவின் கையை முறுக்கிச் சாவியைப் பிடுங்கினார்கள்.

"இது யாரோட சாவிடா?"

"டீச்சரோடது. அவங்கதான் குடுத்தாங்க."

"டீச்சராம்! எந்தப் பள்ளிக்கூடம்? திருடுற பள்ளிக்கூடமா?"

சிரித்தார்கள். முதல் அடி அந்தச் சிரிப்போடுதான் விழுந்தது. நான் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கூட்டத்துக்குள் நுழைந்து, "அவன் நம்ம காவல்காரன், விடுங்க!" என்று கத்தினேன். ஒருவன் என் பேச்சைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டான். "நீயும் எல்லைக்கு அந்தப் பக்கம்தானே? போயி சட்டியப் பாரு" என்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். டீச்சர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தோன்றியது. மருந்துக்கடைக்கு ஓடினேன்.

டீச்சர் வரிசையின் முன்னால் நின்றிருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவருக்கு முழங்கால் வலி, வேகமாக வர முடியவில்லை. கூட்டத்தை விலக்கி உள்ளே விட்டேன். முஷா தரையில் கிடந்தான். டீச்சரைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். அதை மறக்க முடிந்தால் எவ்வளவோ நல்லது.

"இந்தச் சாவி உங்களுதா மேடம்?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

டீச்சர் பதில் சொல்வதற்குமுன் தன் காரைத் திரும்பிப் பார்த்தார். கதவு ஆவென்று திறந்திருந்தது. முன்சீட்டில் பை இல்லை.

ஊரெல்லாம் முஷாவை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், காவல் இல்லாத காரிலிருந்து எவனோ சாவகாசமாகப் பையை எடுத்துப் போயிருக்கிறான். வேறு எப்படிப் போகும்? இவன்தான் தரையில் கிடந்தானே! ஆனால் அந்த அம்மாவுக்கு அது தோன்றவில்லை.

"உன்ன நம்பித்தானே முஷா சாவியக் குடுத்தேன்" என்றார்.

சத்தியமாக அவர் பொய் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். ஆனால் கூட்டத்துக்கு அது போதும். அதற்குப் பிறகு அடித்தவர்கள் கையால் அடிக்கவில்லை. டீச்சர் "வேணாம், வேணாம்" என்று அழுதது எனக்குக் கேட்டது, பக்கத்தில் நின்றதால்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் முஷா கண் திறக்கவே இல்லை. ஃபுராஹா கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிகிற நேரத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தான்.

அவன் போன பிறகும் காலையில் சாவிகள் வேலை செய்யவில்லை. அதன்பிறகுதான் ரெட்டி ஆள் வைத்துத் தேடச் சொன்னார். ஏதோ அலை பிடிக்கிற கருவியோடு ஒருவர் வந்தார், சுற்றிச் சுற்றி நடந்தார், கடைசியில் மருந்துக்கடையின் பின்வாசலில் போய் நின்றார். சரக்கு கொண்டுவருகிறவர்களுக்காக அங்கே வயர் இல்லாத காலிங் பெல் மாட்டியிருந்தார்கள். காலையில் வருகிற சரக்குப் பெட்டிகளை அந்தச் சுவரோடு அடுக்குவார்கள். அவை பெல்லின் பொத்தானை அமுக்கிக்கொண்டே நின்றிருக்கின்றன. உள்ளே ஓயாமல் மணி அடித்தது தலைவலி என்று யாரோ மணியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்கள். சத்தம் நின்றுவிட்டது, பொத்தான் மட்டும் மத்தியானம் பெட்டிகளை எடுக்கும்வரை, திருடனின் ரிமோட் மாதிரியே, அலையை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

ரெட்டி என் சட்டியருகே வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "ஜாமர்னு ஒருத்தனும் இல்ல நெட்சாய். முதல்லேருந்தே இல்ல. திறந்து கெடந்த கார்ல சில்லறைத் திருடன் கைவெச்சிருக்கான், அவ்வளவுதான்."

"இத என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க?"

போலீஸில் இதை எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். கொடுத்தார் என்றுதான் கேள்வி. அடித்தவர்கள் யார் என்று போலீஸ் கேட்டபோது, கடைக்கு வந்தவர்கள் என்பதைத் தவிர ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. படம் பிடித்தவனும் போனும் எங்கே என்று தெரியாது.

அன்று மாலை ஃபுராஹாவின் அறைக்குப் போனேன். அவள் பேசும் ஸ்வாஹிலியில் எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையையும் கை ஜாடையையும் வைத்துச் சொல்லி முடித்தேன். பெல்லை விளக்கத்தான் வெகுநேரம் ஆனது. புரிந்ததும் அவள் அழவில்லை. எழுந்து நின்றாள்.

"அப்ப அவங்ககிட்ட போயி சொல்லு அக்கா."

"யார்கிட்டம்மா?"

"அடிச்சவங்ககிட்ட."

"அவங்க யாருன்னு தெரியாது. சாமான் வாங்க வந்தவங்க. வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"திரும்பி வருவாங்கல்ல? சாப்பாட்டுச் சாமான் தீந்துபோகும்ல?"

வருவார்கள்தான். அதை நான் எப்படி மறுப்பேன்? சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் சொல்லித்தரச் சொன்னாள். பாவி நான், சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, கார்கள் வெளியே போகிற தடுப்புக் கம்பத்தின் அருகில் அவள் போய் நின்றாள். கம்பம் மேலே எழும்வரை ஒவ்வொரு வண்டியும் கொஞ்சம் நிற்கும். கண்ணாடி அருகே குனிந்து, "என் புருஷன் திருடன் இல்ல. அது பெல்" என்று சொல்வாள். அடுத்த வண்டிக்கும் அதையே சொல்வாள். ஒருத்தி சில்லறையை நீட்டினாள். ஃபுராஹா வாங்கவில்லை, மறுபடியும் சொன்னாள். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

நான் அவளை அழைத்துப்போகத்தான் பக்கத்தில் போனேன். அங்கே நின்றபோது எனக்கு அது கேட்டது. அவள் குனியக் குனிய, ஒவ்வொரு காரிலும் உள்ளேயிருந்து கதவுகள் டக்கென்று பூட்டிக்கொண்டன.