தெள்ளுக் கணக்கு

கிடங்கு எலியின் முதுகைப் பேன்சீப்பால் வாருவதற்கு ஒரு பக்குவம் உண்டு. முடியின் போக்குக்கு எதிராக, வாலிலிருந்து தலைப்பக்கமாக மெதுவாக வார வேண்டும். அவசரப்பட்டால் தெள்ளுப்பூச்சி தப்பிவிடும், அழுத்தினால் நசுங்கிவிடும். விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டில் அவளுக்கு மற்றப் பாடங்கள் வந்தனவோ இல்லையோ, இந்தக் கைவாகு மட்டும் நன்றாக வந்திருந்தது.

அவளுடைய ஆய்வே அதுதான். மாதம் ஒருமுறை ஒரு தானியக் கிடங்கில் இருபது பொறி வைப்பாள். மாட்டிய எலியைத் துணிப்பைக்குள் விட்டு, மயக்க மருந்தில் நனைத்த பஞ்சைப் போட்டு, அசைவு நின்றதும் வெள்ளைத் தட்டில் கிடத்தி வாருவாள். உதிரும் தெள்ளுகளைக் குப்பியில் அடைத்து, துறைக்கு எடுத்துப்போய் எண்ணுவாள்.

கிடங்கில் அனுமதி வாங்கிக் கொடுத்தவர் சித்தப்பா. அங்கே அவர்தான் மேற்பார்வையாளர். அவள் தங்கிப் படிப்பதும் அவர் வீட்டில்தான். மருத்துவத்துக்கு மதிப்பெண் எட்டாமல் அவள் விலங்கியலில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு அவள் 'எலி டாக்டர்'. மூட்டை தூக்குகிறவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் நெட்டை என்று ஒருவன்; கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பொறிகளைச் சேகரித்துக் கொண்டுவந்து கொடுப்பவன் அவன்தான். "டாக்டர், இன்னிக்கு ஒம்பது பேஷன்ட்டு" என்று வரிசையாக வைப்பான்.

முதல் நான்கு மாதம் இரண்டு எலிக்கு ஒரு தெள்ளு என்கிற கணக்குதான் வந்தது. ஐந்தாம் மாதம் ஒன்பது எலியில் நாற்பத்தொன்று. அவள் மூன்று முறை எண்ணினாள். மூன்று முறையும் நாற்பத்தொன்று. போதாததற்கு, ஒரு எலி பொறிக்குள்ளேயே, மேலே ஒரு கீறலும் இல்லாமல் செத்து விறைத்திருந்தது.

பேராசிரியர் குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்பவர் அல்ல.

"சராசரி ஒண்ணைத் தாண்டினாலே கவனிக்கணும்னு வகுப்புல சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். இது நாலரை."

செத்த எலியின் மண்ணீரலை அவரே எடுத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். முடிவு வரப் பத்து நாளாகும்.

"அதுவரைக்கும் அந்த நோயோட பேரை வெளியில சொல்லாதம்மா. ஒருத்தர் காதுல விழுந்தா ஊரே மூட்டை கட்டிரும்."

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பல வருடங்களுக்கு முன் ஒருமுறை கோழிகளுக்கு நோய் வந்துவிட்டதென்று அவசரப்பட்டு அறிவித்தார். ஆயிரக்கணக்கில் கோழிகளைக் கொன்ற பிறகு, நோயே இல்லை என்று முடிவு வந்தது. சூடு கண்ட பூனை அவர். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

அன்று சாப்பிடும்போது சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன டாக்டர், ஒரு மாதிரியா இருக்கே?"

"இந்தத் தடவை எலிங்க மேல பூச்சி ஜாஸ்தி சித்தப்பா."

"இருக்கட்டுமே. எலி என்ன தினம் சோப்புப் போட்டா குளிக்குது?"

சித்தி சிரித்தாள். அவளால் சிரிக்க முடியவில்லை.

"இல்ல, எலியால நோய் வரலாம். கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க."

"என்ன நோய்?"

அவள் மென்று விழுங்கினாள். "காய்ச்சல் மாதிரி. எவ்வளவோ இருக்கு."

சித்தப்பா அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அண்ணன் மகள் சொன்னதை அவர் காற்றில் விடுகிற ஆளில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்த மாதம்வரை பொறுக்க முடியாமல், எட்டாம் நாள் காலையே அவள் மறுபடி பொறி வைக்கப் போனாள். உள்ளே நுழைந்ததும் ஏதோ குறைவதுபோல் இருந்தது. மூட்டை அடுக்குகளுக்குப் பின்னால் எப்போதும் கேட்கும் கீச்சும் பிராண்டலும் இல்லை. கிடங்கு வாய் மூடிக் கிடந்தது.

சித்தப்பா முகமெல்லாம் மலர்ந்து வந்தார். "இனி உனக்கு இங்க வேலை இல்ல டாக்டர். நீ சொன்ன மறுநாளே விஷம் வெச்சாச்சு. நீயே வந்து பார்க்கட்டும்னுதான் வீட்ல சொல்லல. மூலைக்கு மூலை கூடை கூடையா அள்ளினோம். நெட்டைதான் அத்தனையும் பின்பக்கம் குழி தோண்டிப் புதைச்சான்."

"கையுறை போட்டிருந்தாரா?"

"மூட்டை தூக்குற கைக்குக் கையுறை எதுக்கு?"

அவள் குனிந்தாள். கால்சட்டையின் மேல் இழுத்து மாட்டியிருந்த வெள்ளைக் காலுறையில் மிளகுத்தூள் தூவியதுபோல் இருந்தது. அந்தத் தூள் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

சித்தப்பாவின் கையைப் பிடித்து வெளியே வெயிலுக்கு இழுத்து வந்தாள். "எலி செத்து உடம்பு ஆறினதும் தெள்ளு எறங்கிடும் சித்தப்பா. அதுக்குச் சூடான ரத்தம் வேணும். முதல்ல தெள்ளுக்குத்தான் மருந்து அடிக்கணும், அப்புறம்தான் எலி. நீங்க மாத்திச் செஞ்சிட்டீங்க. இப்ப அதுக்கு நம்மள விட்டா வேற யாரும் இல்ல."

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு முன்னங்கையைச் சொறிந்தார். சொறிவதைத் தாமே கவனித்து நிறுத்தினார்.

"நெட்டை எங்க?" என்றாள்.

"ரெண்டு நாளா வரல. காய்ச்சல்னு சொல்லி அனுப்பினான்."

நெட்டையின் வீடு மூன்று தெரு தள்ளி, ஒரே அறை. அவன் மனைவி கதவைத் திறந்தாள். சித்தப்பாவைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நெட்டை கட்டிலுக்குள் அடங்காமல், வலது காலை மடக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. வந்திருப்பது டாக்டர் என்று தெரிந்ததுபோல் உதடு அசைந்தது; சொல் வரவில்லை.

"காலை நீட்ட விடமாட்டேங்கிறாரு. தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கு. மூட்டை தூக்கினதுல கட்டியிருக்கும்னு தைலம் தேய்ச்சேன்" என்றாள் மனைவி.

"எவ்வளவு பெருசு?"

மனைவி முஷ்டியை மடக்கிக் காட்டினாள்.

வாசலுக்கு வந்ததும் சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "இரு, முதலாளி காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு அப்புறம் பார்ப்போம். அறுபது பேரு பொழப்பு அது."

அவள் அதற்குள் எண்களை அழுத்திவிட்டாள். முதலில் ஆம்புலன்ஸ். அடுத்து சுகாதார அலுவலகம். மறுமுனையில் இருந்தவர் என்ன சந்தேகம் என்று இரண்டு முறை கேட்டார். எட்டு நாளாக நெஞ்சுக்குள் கிடந்த சொல்லைத் தெருவில் நின்று உரக்கச் சொன்னாள். "பிளேக்." எதிர்க் கடைக்காரர் எடைபோட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார்.

அன்று மாலைக்குள் கிடங்குக்கு முத்திரை விழுந்தது. முகமூடி அணிந்தவர்கள் மூட்டை இடுக்கெல்லாம் மருந்துப்பொடி தூவினார்கள். அத்தனை பேருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் பரிசோதனை முடிவும் வந்தது. அவளுடைய சந்தேகம் சரி. மேலும் நான்கு பேருக்குக் காய்ச்சல் கண்டது. அதில் சித்தப்பாவும் ஒருவர். நேரத்தோடு மருந்து விழுந்ததால் நால்வரும் பிழைத்தார்கள். நெட்டைக்கு அந்த நேரம் தப்பியிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டான். உடலை மனைவியிடம் தரவில்லை, தூரத்திலிருந்து காட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தனிப்பிரிவில் சித்தப்பாவைப் பார்க்க அவளை விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். பேச ஒரு ஒலிவாங்கி. வீட்டில் எல்லாரும் நலமா என்றார். பிறகு போர்வை விளிம்பை நீவிவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்குச் சாப்பிடும்போதே உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு சித்தப்பா."

"சொல்லியிருந்தா நான் விஷம் வெச்சிருக்க மாட்டேன்."

"ஆமா சித்தப்பா."

அவர் தலையசைத்தார். கோபித்துத் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விசாரணை துறையின் கூட்ட அறையில் நடந்தது. தான்தான் வாயை மூடச் சொன்னேன் என்று பேராசிரியர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். சித்தப்பாவின் முறை வந்தபோது சுகாதார அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"விஷம் வைக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. என் புத்திதான்."

"இந்தப் பொண்ணு உங்களை எச்சரிக்கலையா?"

சித்தப்பா அவளைப் பார்க்கவில்லை. "இந்தப் பொண்ணு என்கிட்ட எதுவும் சொல்லல."

அவள் பேச்சால்தான் விஷம் வைத்தார் என்று ஆகிவிடாமல் அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது உண்மையாகவே இருந்தது; சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல்லை அவள் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எலி டாக்டர் என்று அதன் பிறகு கூப்பிடவே இல்லை.

கிடங்கைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பொறி வைத்து எண்ண வேண்டும் என்று சுகாதார அலுவலகம் துறையைக் கேட்டது. கைவாகு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மறுநாள் காலை பத்து மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிடங்கின் பின்பக்க வரிசையில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஈரக் கையோடு ஒரு பெண் திறந்தாள்.

"பல்கலைக்கழகத்துல இருந்து வர்றேங்க. பின்னாடி கிடங்குல பிளேக் வந்திருக்கு. ஒருத்தர் இறந்துட்டாரு. உங்க வீட்ல பொறி வைக்கணும்." ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னாள்.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க வீட்ல எலி கிடையாதும்மா. மூணு நாள் முன்னாடி சிங்க்குக்குக் கீழ ஒண்ணு செத்துக் கிடந்துச்சு. எங்க வீட்டுக்காரர்தான் வாலைப் பிடிச்சுத் தூக்கிப் போட்டாரு."

"அவரை நான் பார்க்கணுமே."

"இன்னும் எந்திரிக்கல. ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துட்டேன்."