ஆவாரைக்கு ஒரு நல்ல வார்த்தை

1.
இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை. கொல்லங்கோடு பஸ்ஸில் காதில் விழுந்தது. முன்சீட்டில் ஒரு பெண்குரல்: "ஒருத்தராச்சும் நல்லாருக்குதுன்னு சொல்லோணுமாமா. இல்லாட்டி அத்தனை செடியவும் புடுங்கிப்போடுவாராமா." அதோடு இறங்கிவிட்டாள். மீதி என் பொறுப்பு. செடி வைத்தவளுக்கு நாச்சம்மாள் என்று பெயர் வைத்தேன்.

2.
தொடக்கம்: "மணல்பூமியில் சூரியன் மெல்ல..."

(வேண்டாம். நீங்களே பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

மறுபடியும்:

"ஏனுங்க, புல்லு இந்தவாட்டியும் காஞ்சுபோச்சுங்க."

"தண்ணி உட்டயா?"

"உட்டனுங்க. மணலே குடிச்சுப்போட்டுது. புல்லுக்கு மிச்சம் வெக்கல."

கேட்டவர் அவள் கணவர் குப்பண்ணன். புது வீட்டு வாசலில் பச்சைப் புல்வெளி வேண்டும் என்பது அவர் ஆசை. புல் செத்த இடத்தில் நாச்சம்மாள் காட்டில் தானாக முளைக்கும் ஆவாரஞ்செடியும் பூளைச்செடியும் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கோடையைத் தண்ணீர் கேட்காமலே தாண்டின.

"ஊட்டைக் கட்டி, காட்டைக் கொண்டாந்து வாசல்ல வெச்சிருக்கறா" என்றார் குப்பண்ணன். அதிலிருந்துதான் பந்தயம். தை பிறப்பதற்குள் ஊரில் ஒருவராவது வாசலைப் புகழ வேண்டும். இல்லையென்றால் மறுபடி புல்.

(அவரைக் கொஞ்சம் கொடியவராக்கப் பார்த்தேன். ஒத்துழைக்கவில்லை. ஆடு நுழைந்தால் முதலில் ஓடி விரட்டுகிறவர் அவர்தான்.)

3.
ஒருவரும் புகழவில்லை. மார்கழியின் கடைசி நாளும் வந்தது. அன்று பொங்கலுக்குக் காப்புக் கட்ட, வீட்டுக் கூரை முகப்பில் செருக, ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை வேண்டுமே? பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாள் விடிந்ததும் அரிவாளோடு வந்தாள்.

"ஏனுங்கக்கா, ரண்டு கொத்து ஒடிச்சுக்கட்டுங்களா?"

"காப்புக்குக் கேட்டா இல்லீங்கலாமா? ஒடிச்சுக்க கண்ணு."

பின்னாலேயே ஊர் வந்தது. ஒடித்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். மதியத்துக்குள் வாசலில் குச்சிதான் மிச்சம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரும் சொல்லவில்லை. (கேட்டு வாங்கினால் பந்தயத்தில் சேராது.)

மாலையில் குப்பண்ணன் ஏணியோடு வந்தார்.

"நம்மூட்டுக்குப் பூவு எங்க?"

நாச்சம்மாள் குச்சிகளைப் பார்த்தாள். தனக்கென்று எடுத்துவைக்க மறந்திருந்தாள்.

4.
முடிவு: "குப்பண்ணனின் கண்கள் கலங்க..."

(கலங்கவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆளில்லை.)

எனக்குக் கேட்டது இவ்வளவுதான். ஏணியைத் தோளில் வைத்தபடியே சுப்பாத்தாள் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்.

"அம்மிணி, மிச்சமிருந்தா ஒரு கொத்து குடு."

"அட மாமா! உங்கூட்டுப் பூவ எங்கூட்ல வந்து கேக்கறீங்களே! இந்தாங்க. இந்த வருசம் உங்க வாசலு..."

வேலிக்கு இந்தப் பக்கம் நாச்சம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தை பிறக்க இன்னும் ஓர் இரவு இருக்கிறது. அடுத்த வார்த்தையை நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். சுப்பாத்தாளுக்குக் கேட்கும்படி, கொஞ்சம் உரக்க.