கொஞ்சம் தள்ளி நில்லுங்க

படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் நகர்ந்தன. ஒவ்வொன்றிலும் அண்ணன் தன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். மழைக்கு முந்தைய கருநீல மலை வந்தது. மூடுபனியில் தோள்வரை மூழ்கிய மலை வந்தது. முதல் வெயில் உச்சியில் மட்டும் பட்டு நின்ற மலை வந்தது. மலைக்குப் பஞ்சமே இல்லை. அதன் காலடியில் தலைமுறை கண்ட தகரக் கூரைகளைத்தான் காணவில்லை.

"அடுத்ததுல இருக்கும் பாரு," என்றார் அண்ணன். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

குவாரியில் பாறைக்குத் துளை போடுபவர் அவர். வேலை தேடிக் குவாரிக்கு அவர் போகவில்லை. குவாரிதான் அவர் வாசலுக்கு வந்தது. முதலில் மலையின் முதுகைத் தின்றது. பிறகு அவருடைய நுரையீரலைத் தின்றது. இப்போது வீடு இருக்கும் அடிவாரத்தையும் கேட்கிறது. குவாரிக்கு உரிமம் கிடைப்பதற்கு முன்பே அங்கே குடியிருந்தவர்களுக்கு மாற்று நிலம் தரப்படும். பின்னால் வந்தவர்கள் வெறுங்கையோடு வெளியேற வேண்டும். "குவாரிக்கு முன்னாடி எடுத்த படம் ஒண்ணு கொண்டாங்க. அதுல வீடு தெரியணும், அவ்வளவுதான்," என்று அதிகாரி சொன்னதும் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தாராம். படம்தானே? கூடப் பிறந்த தங்கை படக்காரியாயிற்றே! அந்த மலையை எடுத்து எடுத்தே பரிசும் பெயரும் வாங்கியவளாயிற்றே!

படக்காரி அடுத்த படத்தைத் திறந்தாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டிருந்தது.

ஸ்டுடியோவில் சேர்ந்த புதிதில் அவள் எடுத்து வந்த முதல் மலைப்படத்தில் எல்லாம் இருந்தன. கூரைகள், தண்ணீர்த் தொட்டி, கயிற்றில் காயும் துணிகள், வாசலில் குந்தியிருந்த அண்ணன். முதலாளி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். வானத்துக்கு ஒரு பங்கு, மலைக்கு இரண்டு பங்கு என்று நாளெல்லாம் ஓதுவதால் அவருக்கு ‘மூணாம் பங்கு’ என்று பட்டப்பெயர். "மலை ராஜா மாதிரி நிக்குதும்மா. அவன் கால்ல எதுக்கு இந்தப் பிஞ்ச செருப்பு? கீழ வெட்டு. இன்னும். அந்தத் துணி போற வரைக்கும் வெட்டு," என்றார். அவள் வெட்டினாள். வெட்டியதும் மலை உண்மையிலேயே நிமிர்ந்தது. அதுதான் கொடுமை! அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவள் தப்பியிருப்பாள். அழகு என்னும் பெரும்பொய் உண்மையின் உடையணிந்து வந்தல்லவா அவளை வென்றது!

சில மாதங்களில் கணினியில் வெட்டும் தேவையே போய்விட்டது. எதிர்ப்பாறையில் ஏறிக் கேமராவை உயர்த்தினால், சட்டத்தின் கீழ்விளிம்பு கூரைகளுக்கு ஒரு விரல்கடை மேலே தானாகவே நின்றது. படத்தின் முன்பக்கத்தில் புல்வெளி வேண்டியிருந்தால் மட்டும், கூரைகள் விழாதபடி பக்கவாட்டில் திருப்பிச் சற்றுக் கீழே இறக்குவாள். அப்போது யாராவது குறுக்கே வந்தால் பாறையிலிருந்து கத்துவாள்: "கொஞ்சம் தள்ளி நில்லுங்க!" பிள்ளைகள் வீட்டுக்குப் பின்னால் ஓடும். அண்ணி துணிகளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு நகர்வாள். "எங்க பாவாடை பட்டு மலைக்குத் தீட்டாயிடுமாடி படக்காரி?" என்று கேட்டுச் சிரிப்பாள். போகப்போகக் கத்தவும் வேண்டியதில்லை. பாறைமேல் கேமரா உயர்ந்தால் போதும். அடிவாரம் தன்னைத்தானே அப்புறப்படுத்திக்கொள்ளும்.

அவள் முதலாளியிடம் போய், அந்த முதல் படத்தின் வெட்டாத வடிவம் எங்காவது கிடக்கிறதா என்று கேட்டாள்.

"வெட்டின மிச்சத்த யாராச்சும் வச்சுப்பாங்களா? தையக்காரன் துண்டுத் துணியச் சேத்தா வைக்கிறான்?"

"சேத்துதான் வைப்பான் சார்," என்றார் ஸ்டுடியோ வாசலில் நின்ற அண்ணன். "தலகாணிக்கு ஆகும்."

முதலாளி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு படம் அகப்பட்டது. கீழ்விளிம்பிலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று எழுந்து, மலையின் இடுப்பைத் தொட்டுக் கலைந்திருந்தது. அண்ணன் திரையில் விரலை ஊன்றினார். "நம்ம அடுப்பு! உங்க அண்ணி பச்ச வெறகப் போட்டு ஊதுவாளே, அந்தப் புகை!"

அந்தப் புகையைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு இருவரும் அதிகாரியிடம் போனார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகத்தான் பார்த்தார்.

"இது பனிம்மா."

"புகை சார். கீழ அடுப்பு இருக்கு."

"எங்க இருக்கு? காட்டுங்க." சற்று இரக்கத்தோடு நாற்காலியைத் திருப்பினார். அவருக்குப் பின்னால், சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மலை நின்றது. "இதே எடம்தான், குவாரிக்கு முன்னாடி எடுத்தது. நான் தெனமும் பாக்கிறேன். ஆள் நடமாட்டமே இல்லையே!"

"அது நான் எடுத்த படம் சார்."

"அப்படியா!" அவர் எழுந்தே நின்றுவிட்டார். "பிரமாதம்மா. பாத்தாலே மனசு அடங்கிப் போகுது."

அண்ணனும் அந்தப் படத்தை அப்போதுதான் முழு அளவில் பார்த்தார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றி மூச்சு வாங்கிக்கொண்டே, "நல்லாத்தான் எடுத்திருக்க," என்றார்.

வீடுகளை இடிக்க இயந்திரங்கள் வரும் நாளன்று காலையில் அவள் எதிர்ப்பாறையில் ஏறினாள். எந்த அதிகாரிக்கும் இனி எந்தப் படமும் தேவையில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் ஏறினாள். மூன்று பங்கும் வேண்டாம், வானம் வேண்டாம், உச்சி அறுபட்டால் அறுபடட்டும். கூரைகளை நட்டநடுவில் வைத்தாள். வாசலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அண்ணி கயிற்றில் கிடந்த கடைசித் துணிகளைத் தொட்டுத் தொட்டு ஈரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுமுட்டுச் சாமான்கள் ஏறிய தள்ளுவண்டியைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றன. எல்லாரும் சட்டத்துக்குள் இருந்தார்கள். அவள் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினாள்.

அண்ணிதான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் துணிகளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள். பிள்ளைகள் பின்பக்கம் ஓடின. அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்து, இருமலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வாசலை விட்டு ஒதுங்கினார்.

"நில்லுங்க!" என்று அவள் கத்தினாள். "நில்லுங்க!"

சாலை வளைவில் இயந்திரத்தின் இரைச்சல் கேட்கத் தொடங்கியிருந்தது. அந்த ஒரு சொல் மட்டும் அடிவாரத்தை எட்டியது. அங்கே அதற்கு ஒரே பொருள்தான் இருந்தது. அண்ணி திரும்பி, ‘இன்னுமா?’ என்பதுபோல் கையை அசைத்துக் கேட்டுவிட்டு, அண்ணனின் முழங்கையைப் பற்றி இன்னும் தள்ளி அழைத்துப் போனாள்.

கேமராவின் கண்ணாடிக்குள் அசைந்துகொண்டிருந்தது அந்த வெற்றுக் கயிறு மட்டும்தான். அதற்கு மேலே, வெயில் ஏறிக்கொண்டிருந்த மலை, ஓர் ஆளும் குறுக்கே இல்லாமல், துடைத்து வைத்தாற்போல் நின்றது.