நாற்பது நாள் நாட்டார்

10 மார்ச் 2025, திங்கள்

நேற்றைய பதிவில் ஒரு பிழை. ஊர்க்கூட்டத்துக்கு வந்தவர்கள் எண்பது பேர் என்று எழுதிவிட்டேன். தூணுக்குப் பின்னால் நின்ற ஆறு பேரை எண்ணவில்லை. சிதம்பரத்தில் மாலை வகுப்பில் சுருக்கெழுத்து படிக்கிறேன் என்பதற்காகக் கூட்டத்தைப் பதிவு செய்யும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு நான் சரிதானா என்று தெரியவில்லை.

ஆனால் இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் குப்பத்தின் தலைவருக்கு நாட்டார் என்று பட்டம். வடக்கு, நடு, தெற்கு என்ற மூன்று வகையறாக்களுக்கும் அது வரிசையாக வரும். சுனாமிக்கு முன் வடக்கு. அந்த நாட்டார் அலையில் போனபின், நிவாரண முகாமில் நடு வகையறாவைச் சேர்ந்த என் தாத்தா கொளஞ்சியப்பன் நாற்பது நாள் ஊரை நடத்தினார், காய்ச்சலில் இறந்தார். பிறகு இருபது வருடம் தெற்கு. அவரும் தை மாதம் போய்விட்டார். புதன்கிழமை மாசிமகம். சாமி கடலுக்கு வரும்போது எதிர்கொள்ள நாட்டார் வேண்டும்.

தாத்தாவின் நாற்பது நாள் கணக்கில் சேருமா? சேர்ந்தால் அடுத்தது வடக்கு வகையறா பூவரசன். சேராவிட்டால் விட்டுப்போன முறை நடுவுக்கு, அதாவது என் அப்பா பழனிவேல்.

“தலையில பரிவட்டம் கட்டுனாதான் நாட்டாரு. எங்கப்பாவுக்கு எவனும் கட்டல” என்பது அப்பாவின் வாதம். அப்போது அவர் மங்களூரில் படகு வேலையில் இருந்தார், சாவுக்குத்தான் வந்தார்.

முகாமில் இருந்தவர்களில் பதினொரு பேரைப் பட்டியல் போட்டு விசாரித்தேன். பத்துப் பேருக்குத் தெரியவில்லை. பதினொன்றாவது ராணியம்மாள், சிதம்பரம் மார்க்கெட்டில் கருவாடு விற்கிறார். இன்று காலையிலேயே பஸ் ஏறினேன். அப்பா ஜெயிக்க ஒரு சாட்சி கிடைக்கும் என்றுதான் போனேன்.

“பழனிவேலு பொண்ணா? அப்பன் மூக்க அப்டியே வாங்கி வச்சிருக்க!” என்றார்.

பரிவட்டம் பற்றிக் கேட்டேன்.

“கட்டலன்னு எவன் சொன்னான்? கோயில் பூரா மணலு. பட்டுக்கு எங்க போறது? நிவாரணத்துல வந்த லுங்கிய நாந்தான் கிழிச்சிக் குடுத்தேன். பூசாரி கட்டுனாரு. நாங்க அஞ்சாறு பேருதான் நின்னோம், அதுல இப்ப நான்தான் மிச்சம். நீலக் கட்டம் போட்ட பரிவட்டம்! சுனாமிக்கு அப்பறம் அன்னைக்குதான்டி மொதமொதலா சிரிச்சோம்.”

“இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யாரு கேட்டா?”

வகுப்புக்குப் போகவில்லை. பஸ்ஸில் திரும்பிக் கடலூர் வரும்வரை, சொல்லாமல் விட்டால் என்ன என்று யோசித்தேன். யோசித்ததையும் எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் மீன் ஏலக்கூடத்தில் ஒரே கூச்சல். “நாப்பது நாளு ஆண்டுட்டு இல்லன்னா எப்புடி மாமா?” என்று பூவரசன் கத்த, “மாப்ள, எம் பொண்ணு விசாரிச்சிட்டு வந்திருக்கா. அவளே சொல்லட்டும்” என்று அப்பா என்னை எழுப்பிவிட்டார்.

எழுந்தேன். கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன்.

வடக்குப் பக்கம் விசில் பறந்தது. நடுப் பக்கம், “கருவாட்டுக்காரி சொல்றதெல்லாம் சாட்சியா?” என்றார்கள். “பெத்த அப்பனுக்கு எதிரா எவடா பொய் சொல்லுவா?” என்று ஒரு குரல் அடக்கியது.

அப்பா என்னையே பார்த்தார். “என்னா லுங்கி?”

“நீலக் கட்டம்ப்பா.”

“நான் வந்தப்ப அவரு தலையில இருந்திச்சி. காய்ச்சலுக்குக் கட்டுனதுன்னு நெனச்சி நாந்தான் அவுத்தேன்.” துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு கூடமே அதிரக் கத்தினார்: “அப்ப எங்கப்பா நாட்டாருடா! கோயில்ல நாட்டாருங்க பேரு எழுதுன பலகையில அவரு பேரு ஏன் இல்ல?”

பூவரசன் எழுந்து வந்தார். “எழுதிடலாம் மாமா. மொதல்ல அவரு பேரு ஏறட்டும், அப்பறம் எனக்குக் கட்டுங்க.”

“ஏறலன்னா கட்ட விடமாட்டேன்.”

“எனக்குப் பட்டம் கட்டுறதுக்கு முன்னாடியே மெரட்டுறாரு பாரு!” என்றார் பூவரசன். அப்பாவும் சிரித்துவிட்டார். வந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். இந்த முறை தூணைச் சுற்றி வந்து எண்ணினேன்.

நாளை: காலை ஆறு மணிக்கு ஏணி, டேப், வெள்ளை பெயின்ட்டோடு கோயிலுக்குப் போக வேண்டும். பலகையில் கடைசி இரண்டு பெயர்களுக்கு நடுவே எத்தனை அங்குலம் இடம் இருக்கிறது என்று அளக்க வேண்டும்.