பினாங்கு மேசை

கீழே வருவதில் ஒரு சொல் பொய் என்றாலும், சொன்ன நாக்குக்குச் சாகும்வரை உறைப்பு தெரியாமல் போகட்டும். அத்தனையும் சத்தியம்.

ஃப்ரீசர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் கடை வாசலில் நின்றார்கள். எங்கே இறக்குவது என்று பிலோமினாள் சொல்ல வேண்டும். மாடியில் இருக்கும் வீட்டுக்குப் படி குறுகல், பெட்டி ஏறாது. கீழே கடைக்குள் வட்ட மேசைதான் காலியாக இருந்தது.

"அதுமேலயே வைங்க. அந்த மனுசனுக்கு அதுதான வேணும்" என்றாள். புருஷன் செத்த காலையில் பேசுகிற குரலாக அது இல்லை. குடித்துவிட்டு வந்தவனுக்குக் கதவு திறப்பவள் குரலாக இருந்தது.

கோபம் இருக்காதா? மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த பினாங்கு சாப்பாட்டுக்கடையை அன்று பகலில் திறப்பதாக ஏற்பாடு. அதற்காக அவளை மிளகாயும் காய்ந்த இறாலும் இடிக்கவைத்து, அந்தச் சம்பல் நெடியில் பழங்காநத்தம் ரவுண்டானா பஸ்களெல்லாம் தும்மிக்கொண்டே திரும்பும்படி செய்துவிட்டு, விடிகாலையில் மேசைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஞானசீலன் அப்படியே அதன்மேல் சாய்ந்துவிட்டார்.

மேசை, அவர் பினாங்கில் சமையல் வேலை பார்த்துத் திரும்பியபோது கொண்டுவந்தது. நடுப்பலகை சுழலும். குழம்பும் வறுவலும் பொதுவாக நடுவில் இருக்க, முன்பின் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து, பலகையைத் தள்ளித் தள்ளி எடுத்துச் சாப்பிடுவார்கள். அதை ஏற்றிய கப்பலே நடுக்கடலில் ஒரு சுற்று சுற்றியது என்பது ஞானசீலன் வாக்குமூலம்.

வாசல் பிளெக்ஸில் அவர் ஆளுயரத்தில் கைகூப்பி, ‘வாங்க, வாங்க’ என்று சிரித்துக்கொண்டிருந்தார். மூத்தவன் ஜினோ அதைக் கழற்ற ஏணி கொண்டுவந்தான். சாவு வீட்டில் வருகிறவர்களை யாரும் வாங்க என்று கேட்பதில்லை.

"கெடக்கட்டும்டா. கூப்பிட்டவரு அவருதான, அவரே கேக்கட்டும்" என்றாள் பிலோமினாள்.

‘வா’ என்கிற அந்தச் சொல்லில்தான் அவளுக்குச் சண்டை. கடை மூடுவதற்கு முன் ஒரு காய்ச்சலில் ஞானசீலனுக்கு நாக்கில் ருசி செத்துப்போனது. இளையவன் ஜூடு, சாப்பிட வந்தவர்கள் முன்னாலேயே, "உப்பு தெரியாத ஆளு எதுக்கு அடுப்புகிட்ட நிக்கணும்" என்று அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினான். பிலோமினாள் மகனைப் பார்த்து, "போ" என்றாள். போய்விட்டான், பினாங்குக்கே. அதன்பிறகு அப்பாவோடு மட்டும் போனில் பேசினான். போ என்றவள் வா என்றால்தான் வருவானாம். ஒரு வார்த்தை சொல்லேன் என்று ஞானசீலன் போன வாரம்கூடக் கெஞ்சினார். கடையைத் திறங்கள், வருகிற அம்புட்டுப் பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

இப்போது யாருக்கும் சொல்ல முடியாமல் செய்துவிட்டுப் படுத்திருக்கிறார்.

முதலில் வந்தவர் சொக்கநாதன், ரிட்டயரான பேங்க் ஆபீசர். விஷயம் தெரியாமல் சாப்பிடத்தான் வந்தார். அவர் படியில் கால் வைத்ததும் பலகை மெல்ல நகர்ந்தது. பெட்டி திரும்பி, கண்ணாடிக்குள் ஞானசீலன் முகம் வாசல் பக்கம் வந்து நின்றது. சொக்கநாதன் பழக்கத்தில், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் அழுதார். சோழவந்தான் சொந்தம் வேனில் வந்து இறங்கியபோது முழுசாக ஒரு சுற்று. பங்குச் சாமியாருக்கும் திரும்பியது. அவர் சிலுவை போட்டுக்கொண்டு, பலகைக்கு விட்ட எண்ணெய் கொஞ்சம் அதிகம் என்றார். ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்ட ஒயரை ஜினோ பிரித்துவிட்டான்.

பிலோமினாள் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியருகில் உட்கார்ந்திருந்தாள். செத்தும் உபசாரம்.

மத்தியானம் தோளில் பையோடு ஜூடு வந்து நின்றான். பினாங்கிலிருந்து அதற்குள் எப்படி வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் பிலோமினாளைப் பார்த்தார்கள். வா என்று எவருமே கேட்கக்கூடாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறான். அப்பனும் மகனும் போனில் பேசிவைத்துக்கொண்ட மாதிரிதான் அவளுக்குத் தோன்றியது.

பலகை நகரத் தொடங்கியது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள்.

"நீங்க சும்மா கெடங்க. இது எனக்கும் அவனுக்கும்" என்றாள் பெட்டியிடம்.

கைக்கடியில் பலகை முண்டியது. அவள் இரண்டு கையாலும் அழுத்தினாள். வளையல் மரத்தில் பதிந்தது. ஜூடு படியில் கால் வைக்காமல் பிளெக்ஸை நிமிர்ந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"யம்மா, கடை தெறந்திருக்கா?" என்று கேட்டான்.

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"தெறந்துதான் கெடக்கு. காலையிலருந்து தெறந்து கெடக்கு" என்றாள். பிறகு, சொந்தபந்தமெல்லாம் கேட்க, "வா" என்றாள்.

கையை எடுத்தாள். பெட்டி வாசல் பக்கம் திரும்பி நின்றது. அவள் எழுந்து அடுக்களைக்குப் போய், தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் போட்ட தட்டைக் கொண்டுவந்து மேசை விளிம்பில் வைத்தாள்.

ஜூடு ஏறிவந்த விமானம்தான் பிந்திவிட்டது. அது மதுரையில் இறங்கியபோது, அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.