ஸோயாவை ஊருக்குக் கொண்டுபோனது

ஸோயா இறந்த அன்று பெங்களூர் தொம்மலூர் வீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. மார்கழிக் குளிரில் காப்பி கலக்கப் போனவள் சமையலறையிலேயே சாய்ந்தாள். பொழுது போவதற்குள் வில்சன் கார்டன் மயானத்தில் சிதை மூட்டியாகிவிட்டது. ரஷ்யாக்காரி என்று ஒருவராவது முகம் சுளிக்க வேண்டுமே, கிடையாது. மூத்த ஓர்ப்படி ராஜலக்ஷ்மி தன் கையாலேயே மஞ்சள் பூசி, கூறைப்புடவையை மடிசாராகக் கட்டிவிட்டாள். வாத்தியார் கோத்திரம் சொல்லி மந்திரம் சொன்னார். 'ஜோயம்மா' என்று கூப்பிட்டுப் பழகிய கீரைக்காரி பாஞ்சாலி வாசலில் நின்று குலுங்கி அழுதாள். பிள்ளையில்லாததால் கணவர் ஸ்ரீகண்டனே கொள்ளி வைத்தார்.

எழுபதுகளில் கம்பெனி அவரை யாரோஸ்லாவ்ல் என்ற ஊருக்கு, வோல்கா நதிக்கரையில் இருந்த இன்ஜின் தொழிற்சாலைக்கு, பயிற்சிக்கு அனுப்பியது. போனவர் ஒரு பெண்ணோடு திரும்பி வந்தார். வீடு கொஞ்ச நாள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தது. அப்புறம் ஸோயா தமிழ் கற்றாள், கன்னடத்தில் பேரம் பேசினாள், வத்தக்குழம்பில் மாமியாரையே மிஞ்சினாள். அவள் வேறு ஊர்க்காரி என்பதே எல்லாருக்கும் மறந்துபோனது. ஸ்ரீகண்டனுக்கும் மறந்துபோனது. எல்லா வம்பும் அங்கேதான்.

மூன்றாம் நாள், தந்தி கிடைத்ததும், யாரோஸ்லாவ்லிலிருந்து ஸோயாவின் அக்கா நீனா ஃபோன் செய்தாள். அழுகையினூடே அவள் கேட்டது ஒன்றுதான்: "எங்கே புதைத்தாய்?"

"இங்கேதான்" என்றார் ஸ்ரீகண்டன். எரித்துவிட்டோம் என்பதற்கு ரஷ்ய மொழியில் வார்த்தை அவருக்குத் தெரியும். வாயில் வரவில்லை.

அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அஸ்தியில் பாதியை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியில் கரைத்தார். மீதியைச் செப்புச் சொம்பில் போட்டுக் கொல்லையில் எலுமிச்சை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். "என்னடா இது, பாதியைக் கரைச்சுட்டுப் பாதியை வெச்சிண்டிருக்கே?" என்று அண்ணா ரகுராம் கேட்டார். "அவ ஊர் நதியிலயும் கொஞ்சம் கரையட்டும்ண்ணா" என்றார் இவர். கேட்டவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டிப் பாராட்டினார்கள். உண்மை அதுவல்ல. நீ தப்பு ஒன்றும் செய்யவில்லை என்று ஒருவர் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லும் உரிமை உள்ளவள் உலகத்தில் நீனா ஒருத்திதான்.

தொண்ணூற்றொன்பது பிப்ரவரியில் போனார். மாஸ்கோவிலிருந்து ரயில். ஜன்னலுக்கு வெளியே பனியும் பிர்ச் மரங்களும் தவிர எதுவுமில்லை. யாரோஸ்லாவ்ல் அவர் விட்டுப்போனபடியேதான் இருந்தது. பழைய தேவாலயங்களின் பச்சைக் கும்மட்டங்கள் மேல் பனி படிந்திருந்தது. கடைகளின் பெயர்ப் பலகைகளில் மட்டும் புது முதலாளிகள் வந்திருந்தார்கள்.

நீனாவின் சமையலறை மேஜையில் ஸோயாவின் இளவயதுப் படம். அதன் முன்னால் ஒரு கிளாஸ் வோட்கா, அதன் மேல் மூடியாக ஒரு துண்டுக் கறுப்பு ரொட்டி. செத்தவர்களுக்கு அங்கே படைப்பது அப்படித்தான்.

"கல்லறைப் படம் கொண்டுவந்தாயா?" என்று நீனா கேட்டாள்.

ஸ்ரீகண்டன் பையிலிருந்து சொம்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

நீனா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள். "எரித்தாயா? அவள் என்ன குற்றம் செய்தாள்?"

"எங்களில் அதுதான் பெரிய மரியாதை, நீனா. ராணி மாதிரி அனுப்பினோம்."

"உங்களில் சரி. அவளுக்கு? அவள் கேட்டாளா?"

"அவள் எதுவுமே சொன்னதில்லை. சத்தியமாகச் சொன்னதில்லை."

நீனா சொம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு அவரை நதிக்கரைக்கு அழைத்துப்போனாள். வோல்கா இறுகிக் கிடந்தது. கரையிலிருந்து கரைவரை வெள்ளை மைதானம். நடுவே கிழவர்கள் பனியில் துளை போட்டுத் தூண்டிலோடு குந்தியிருந்தார்கள். நதி என்று நம்பி இவ்வளவு தூரம் வந்தவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணில் படவில்லை.

"அந்தத் துளையிலா போடப்போகிறாய், மீன்காரன் பக்கத்தில்?" என்றாள் நீனா. ஏளனம் இல்லை, களைப்புதான். "என்னிடம் கொடு. அம்மாவின் கல்லறை வேலிக்குள் அவளுக்கு இடம் இருக்கிறது. மண் இப்போது இரும்பு மாதிரி இருக்கிறது. மே மாதம் இளகும், ஆள் வைத்துத் தோண்டிக்கொள்கிறேன். நீ அலைய வேண்டாம்." கொஞ்ச தூரம் நடந்த பின் அவளே சொன்னாள்: "அவள் சொல்லவில்லை என்றால் உனக்கு எப்படித் தெரியும்? உன்மேல் தப்பில்லை."

ஸ்ரீகண்டன் நடைபாதையிலேயே நின்று குழந்தை மாதிரி அழுதார். நீனா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெங்களூர் திரும்பிய அன்று பசித்துச் சாப்பிட்டார். அண்ணாவும் மன்னியும் எதிரே உட்கார்ந்து கதை கேட்டார்கள். சொம்பை நீனாவிடம் விட்டுவந்ததை மட்டும் ரகுராம் ஒப்பவில்லை. "புதைக்கறதாவது!" என்று முணுமுணுத்தார்.

"அவாளுக்கு அதுதான் வழக்கம்ண்ணா. நீனா நல்லவ. ஸோயா வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் செஞ்சிருக்க மாட்டேனா? அவதான் ஒண்ணுமே சொன்னதில்லையே."

ராஜலக்ஷ்மி மோர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"சொன்னா, ஸ்ரீகண்டா."

"யார்கிட்ட?"

"என்கிட்ட. ஒரு நாள் அப்பளம் பொரிக்கறச்சே கையில எண்ணெய் தெறிச்சுது. ஊதிண்டே சொன்னா, 'மன்னி, நான் போனா என்னை நெருப்புல போட விடாதேங்கோ, எனக்கு பயம். மண்ணுல வெச்சா போதும்'னு. சிரிச்சிண்டேதான் சொன்னா. ஆனா விளையாட்டுக்குச் சொல்லலை."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்று ரகுராம் சீறினார்.

"ஹால்ல எல்லாரும் உக்காண்டு எந்த மயானம், எத்தனை மணிக்குன்னு பேசிண்டிருந்தேள். நான் ரெண்டு தடவை வந்து நின்னேன். புடவை கட்டியாச்சான்னு கேட்டேள். போய்க் கட்டிவிட்டேன்." மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நான் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கணும். தெரியும் எனக்கு."

ஸ்ரீகண்டன் கை கழுவினார். மன்னிமேல் கோபப்பட முயன்று பார்த்தார், முடியவில்லை. அன்று ஹாலில் அவரும்தான் உட்கார்ந்திருந்தார். மன்னி வந்து நின்றது அவர் கண்ணிலும் பட்டது.

தெருமுனை ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனார். பேசாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நீனா கொடுத்த மன்னிப்போடு மிச்ச நாளை ஓட்டியிருக்கலாம். ஆனால் அது தெரியாதவனுக்குக் கொடுத்த மன்னிப்பு. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எண்களை அழுத்தினார்.

"நீனா, அவள் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டிலேயே, மன்னியிடம். நெருப்பு வேண்டாம் என்று. சொல்ல வந்தவளை நாங்கள் பேசவிடவில்லை."

மறுமுனையில் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஆள் வைத்துத் தோண்டுகிறேன் என்றேனே," என்றாள் நீனா. "வைக்க மாட்டேன். மே மாதம் நீ வா. நீயே தோண்டு."

"வருகிறேன்" என்றார் ஸ்ரீகண்டன்.